உணவுக் கழிவுக்கு ஒரு சிட்டிகை செலினியம்

மாட்டுச் சாணத்தில் ஓடும் கோபர் கேஸ் கலன் பல வருடங்கள் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடும். அதில் மீந்த சோறு, குழம்பு, மீன் செதில் என்று உணவுக் கழிவை மட்டும் போட்டுப் பாருங்கள். முதலில் வாயு அள்ளிக் கொடுக்கும். சில மாதங்களில் புளித்த வாடை வரும், வாயு குறையும், வருகிற வாயுவிலும் கரியமில வாயு கூடிப்போய் அடுப்பு பற்றாது.

கலனுக்குள் வேலை கைமாறிக் கைமாறி நடக்கிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றை அமிலங்களாக்கும். அந்த அமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாறிய பிறகுதான் மெத்தனோஜன்கள் என்னும் நுண்ணுயிரிகள் அடுப்பில் எரியும் மீத்தேனை உண்டாக்குகின்றன. முன்னால் இருப்பவை வேகமாகப் பெருகும், மெத்தனோஜன்கள் மெதுவாக. இவை சுணங்கினால் அமிலம் தேங்கும். அமிலம் தேங்கினால் இவை இன்னும் சுணங்கும்.

மெத்தனோஜன்களுக்கு உலோகம் வேண்டும். மீத்தேனை விடுவிக்கும் கடைசி நொதியின் நடுவில் ஒரு நிக்கல் அணு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய படியில் பி12 வைட்டமினைச் சேர்ந்த ஒரு மூலக்கூறு வேலை செய்கிறது, அதன் நடுவில் கோபால்ட். நெடுக இரும்பும் தேவை.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உணவுக் கழிவுக் கலன்கள் ஏன் படுத்துவிடுகின்றன என்று துருவிப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. உணவுக் கழிவில் புரதம் அதிகம், அதனால் அம்மோனியாவும் அதிகம். அசிட்டிக் அமிலத்தை நேரடியாகப் பிளக்கும் மெத்தனோஜன்கள் அதைத் தாங்காது. ஆகவே ஹைட்ரஜன், ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) வழியாகத்தான் மீத்தேன் உருவாக வேண்டும். ஃபார்மேட்டை உடைக்கும் நொதிக்குச் செலினியம் என்ற தாது தேவை. உணவுக் கழிவில் அது போதாது. அதனால்தான் இடைப்படியில் உண்டாகும் புரோபியானிக் அமிலம் உடையாமல் குவிகிறது. செலினியமும் கோபால்ட்டும் சேர்த்தபோது கலன்கள் நிலைத்து ஓடின. தேவைப்பட்ட அளவு, மிதமாக ஊட்டிய கலன்களில், ஒரு கிலோ கழிவுக்கு ஒரு மில்லிகிராமில் கால்பங்குக்கும் குறைவுதான்!

இரும்பு சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கலனில் உண்டாகும் சல்ஃபைடு நிக்கலையும் கோபால்ட்டையும் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். இரும்பு உப்பைப் போட்டால் சல்ஃபைடில் பெரும்பகுதி அதோடு சேர்ந்துகொள்ளும், முட்டை அழுகிய நாற்றமும் குறையும். தாவரக் கழிவைக் காற்றில்லாமல் சூடாக்கிச் செய்யும் உயிரிக்கரியையும் கலனில் சேர்ப்பதுண்டு, அது வேறு விதம். அது உணவல்ல. மின்சாரம் கடத்தும் அதன் பரப்பு வழியாகச் சில பாக்டீரியாக்கள் எலக்ட்ரான்களை நேரே மெத்தனோஜன்களுக்கு அனுப்புகின்றன என்பது ஆய்வகங்களில் தெரியவந்த விஷயம். கரி எதிலிருந்து, எந்த வெப்பத்தில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

சரி, வீட்டில் கலன் வைத்திருப்பவர் செலினியம் வாங்க வேண்டுமா? வேண்டாம். தீவனத்தோடு போகும் தாதுக்கள் சாணத்தில் இருக்கின்றன, மெத்தனோஜன்களும் இருக்கின்றன. உணவுக் கழிவோடு அவ்வப்போது கொஞ்சம் சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். புளித்த வாடை வந்துவிட்டால் சில நாள் கழிவு போடுவதை நிறுத்துங்கள். தாது உப்புகள் பெரிய ஆலைகளுக்கானவை, அங்கும் கரைசலைச் சோதித்த பிறகே. அளவு மிஞ்சினால் அதே தாது நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு. கலனிலிருந்து வெளியேறும் கரைசலோடு அது வயலுக்கும் போகும்.