றெஜிபோமில் விமான இறக்கை

முல்லைத்தீவுக் கடற்கரையில் பைபர் படகு திருத்தும் அண்ணை ஒருவரிடம், றெஜிபோம் என்ற நுரைக் கட்டியை வெட்டி அதன்மேல் பைபர் ஒட்டி வீட்டிலேயே விமானம் செய்கிறார்கள் என்று சொன்னேன். சிரித்துவிட்டார். "ரெசின் பட்டால் றெஜிபோம் கரைஞ்சு போயிடும் தம்பி. இதுகூடத் தெரியாமலா பிளேன் கட்டுறாங்கள்?"

அவர் சொன்னது சரிதான். படகுக்குப் பூசும் பொலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. றெஜிபோமோ பொலிஸ்டைரீன். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்று மற்றதைக் கரைத்துவிடும். விமானக்காரர்கள் எபொக்சி ரெசினைப் பாவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எபொக்சி அந்த நுரையை ஒன்றும் செய்யாது. நுரையும் ரீவிப் பெட்டிக்குள் வரும் மணிமணியான சாமான் அல்ல. ஒரே கட்டியாகப் பிதுக்கி எடுத்த வகை, கன மீற்றருக்குச் சுமார் 32 கிலோ.

இந்த முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் பேர்ட் ரூட்டான். அவருடைய வேரி ஈஸி விமானம் 1975இலும் லோங் ஈஸி விமானம் 1979இலும் முதன்முதலாகப் பறந்தன. படகு கட்ட அச்சு வேண்டும். ஒரே அச்சில் நூறு படகு எடுக்கலாம் என்பதால் அது கட்டுப்படியாகும். ஒரேயொரு விமானத்துக்கு அச்சுச் செய்வது வீண்செலவு. ரூட்டானின் வழியில் நுரைக் கட்டிதான் அச்சு. வேலை முடிந்தபின் அதைக் கழற்றுவதில்லை, இறக்கைக்குள்ளேயே இருந்துவிடும்.

கட்டியின் இரு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவில் தகடு பொருத்தி, மின்சாரத்தால் சூடேறிய மெல்லிய கம்பியை இருவர் இழுப்பார்கள். இறக்கை நுனியை நோக்கி ஒடுங்குவதால் ஒரு தகடு சிறியது. ஆனாலும் கம்பியின் இரு முனைகளும் சேர்ந்தே போய்ச் சேரவேண்டும். அதற்காகத் தகடுகளில் எண்கள் குறித்து, ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல மற்றவர் அதே எண்ணைக் கடப்பார். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டுக்கும் இதேதான் வேலை.

சரி, இவ்வளவு மென்மையான நுரை என்ன பலம் தரும்? பனையைப் பாருங்கள். வெளியே வைரம், உள்ளே சோற்றி. மரம் காற்றில் வளையும்போது ஒருபக்கம் நசுங்கப் பார்க்கும், மறுபக்கம் இழுபடும். நடுவுக்குப் பெரிய சுமை இல்லை. 2 மில்லிமீற்றர் பைபர் தகடு ஒன்றை எடுங்கள். அதையே இரண்டு 1 மில்லிமீற்றர் தோல்களாக்கி, இடையில் 20 மில்லிமீற்றர் நுரையை வைத்தால் வளையாத தன்மை கணக்குப்படி 300 மடங்குக்கு மேல் கூடும். நுரை கொஞ்சம் நெளிவதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காதுதான். ஆனால் கூடிய எடையோ சதுர மீற்றருக்கு 640 கிராம் மட்டுமே. தோல்களை விலக்கிப் பிடிப்பதும் அவை மடங்காமல் தாங்குவதும்தான் நுரையின் வேலை.

பைபர் துணியிலும் நுணுக்கம் உண்டு. படகுக்குப் போடும் பாயில் நார்கள் கண்டபடி கிடக்கும். இங்கே சுமை போகும் திசையில் நார் ஓடவேண்டும். இறக்கை முறுகாமல் இருக்கச் சில அடுக்குகள் சாய்வாகப் போகும். அதிகப்படியான ரெசினை வழித்தெடுத்துவிட வேண்டும், அது எடையைத்தான் கூட்டும்.

படகுப் பழக்கம் காலை வாருவது ரெசினை இறுகச் செய்யும் ஹாட்னரில். பொலியெஸ்டரில் கொஞ்சம் கூட விட்டால் சீக்கிரம் இறுகும். எபொக்சியில் ஹாட்னர் வேறு ரெசின் வேறு என்றில்லை, இரண்டும் பிணைந்துதான் பிளாஸ்டிக் ஆகின்றன. அளவு பிசகினால் கடைசிவரை முழுதாக இறுகாது. சித்திரை வெயிலில் கோப்பை நிறையக் கலந்து வைத்தால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். மாரியில் ஈரக்காற்று பட்டு மேலே பிசுபிசுப்பான படலம் படியும். கழுவாமல் அடுத்த அடுக்கைப் போட்டால் ஒட்டாது. வன்னியில் யாரும் கட்டுவதானால் அதிகாலையில் சின்னச் சின்னக் கோப்பையாகக் கலப்பதே புத்தி. வெள்ளைப் பெயின்ற் அழகுக்கல்ல. கறுப்படித்து வெயிலில் விட்டால் ரெசின் இளகத் தொடங்கும்.

கிபிர் போர்விமானச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான். விமானத்தைப் பற்றி இப்படி ஆறுதலாக இருந்து கதைப்பதே எனக்குப் புதினமாக இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணை, "அப்ப பெற்றோல்? அதுக்கும் றெஜிபோம் கரையுமே?" என்றார். கரையும். அதனால்தான் எரிபொருள் நிற்கும் இடத்தில் வேறு வகை நுரை வைக்கிறார்கள் என்றேன்.

"அப்ப சரி," என்று திரும்பவும் படகுக்குள் குனிந்தார்.