வெட்டரன்: ஒரு சொல்லின் வேரும் பிலிப்பினோ வீரர்களின் உரிமைப் போராட்டமும்

ஆங்கிலத்தில் வழங்கும் ‘வெட்டரன்’ என்ற சொல்லைத் தமிழில் இரண்டு வகையாகப் பெயர்த்து எழுதுகிறோம். நடிகரையோ ஆட்டக்காரரையோ குறிக்கும்போது ‘மூத்த’ என்கிறோம். படையில் பணியாற்றி வெளிவந்தவரைக் குறிக்கும்போது ‘முன்னாள் படைவீரர்’ என்கிறோம். முதற்பொருளில் சிக்கல் இல்லை. இரண்டாம் பொருளில்தான் சொல்லோடு உரிமையும் சேர்ந்து வருகிறது. ஓய்வூதியம், மருத்துவம், கல்வி உதவி, சில நாடுகளில் குடியுரிமை ஆகிய எல்லாம், ஒருவரை அந்தச் சொல்லால் அழைக்கலாமா என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ வீரர்களில் பெரும்பாலோருக்கு 1946ஆம் ஆண்டில் மறுக்கப்பட்டதும் இந்தச் சொல்லே.

இதன் வேர் இலத்தீன் மொழியின் ‘வேடுஸ்’, அதாவது ‘பழைய’ என்பது. அதற்கும் முந்திய இந்தோ-ஐரோப்பிய வேர் ‘ஆண்டு’ என்னும் பொருளுடையது. பஞ்சாங்கத்தில் நாம் படிக்கும் ‘சம்வத்சரம்’ என்ற வடசொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்தது. பல ஆண்டு கண்டவர் என்பது அடிப்படைக் கருத்து. உரோமானியர்கள் ‘வெடெரானுஸ்’ என்று அழைத்தது வயது முதிர்ந்த எவரையும் அன்று, தமக்குரிய பணிக்காலத்தை முழுமையாக முடித்துப் படையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பட்டவரை. அவருக்கு நிலமோ பணமோ கொடுப்பது அரசின் கடமையாக இருந்தது.

உரோமப் படையில் குடிமக்களைக் கொண்ட லெகியோன்களும், குடியுரிமை இல்லாத பிற நாட்டாரைக் கொண்ட துணைப்படைகளும் இருந்தன. பேரரசர் கிளாடியஸ் காலந்தொட்டு, துணைப்படை வீரர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டு பணியாற்றி முடித்தால் அவருக்கு உரோமக் குடியுரிமை வழங்கப்பட்டது. அதற்குச் சான்றாக, இரண்டு வெண்கலத் தகடுகளில் பொறித்து இணைத்த பட்டயம் ஒன்றை வீரர் தம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டாக மடிக்கப்பட்டது என்று பொருள்படும் ‘டிப்ளோமா’ என்ற சொல்லால் அதை இன்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். ஆகவே, வேற்று நாட்டு வீரருக்குக் குடியுரிமை தருவது என்பது இந்தச் சொல்லோடு பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட கருத்து அன்று. சொல் பிறந்து வளர்ந்த மண்ணிலேயே அது இருந்தது. பிலிப்பினோ வீரர்களின் கோரிக்கையைச் சலுகை கேட்பதாகப் பார்த்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸில் இந்தச் சொல் ஆங்கிலத்தின் வழியாக நுழையவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆண்ட ஸ்பானியர்களின் ‘வெதெரானோ’, தகாலோக் மொழியில் ‘பெதெரானோ’ ஆயிற்று. அந்த வீரர்கள் தங்களை அழைத்துக்கொண்டதும், பேரப்பிள்ளைகள் அவர்களைப் பெருமையோடு சுட்டியதும் அந்தப் பெயரால்தான். ஊர் அவர்களை பெதெரானோ என்றது. அமெரிக்கச் சட்டம் மட்டும் இல்லை என்றது.

1898 முதல் அமெரிக்க ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸ், 1935க்குப் பின் விடுதலையை எதிர்நோக்கிய தன்னாட்சிப் பகுதியாக இருந்தது. 1941ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையின் மூலம் அதன் படைகளை அமெரிக்க ஆயுதப் படைகளின் பணிக்கு அழைத்தார். அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர் அவற்றுக்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பான் தாக்கியது. 1942 ஏப்ரல் 9 அன்று பத்தான் தீபகற்பமும், மே 6 அன்று கொரெகிடோர் தீவும் வீழ்ந்தன. சரணடைந்த பல்லாயிரம் பேர் கடும் வெயிலில், உணவும் நீரும் போதாமல் சிறைமுகாம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். பத்தான் மரண நடை எனப்படும் அந்தக் கொடுமையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பினோக்கள். தப்பியவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் கெரில்லாக் குழுக்களாகப் போரைத் தொடர்ந்தார்கள்.

போர் முடிந்த சில மாதங்களில், 1946 பிப்ரவரி 18 அன்று, ‘ரெசிஷன் சட்டம்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். ‘ரெசிஷன்’ என்பதும் இலத்தீன் சொல். ‘வெட்டிப் பின்வாங்குதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். தமிழில் ‘ரத்து’ என்பதே வழக்கில் உள்ளது; தூய தமிழில் ‘நீக்கறவு’ எனலாம். போருக்கென ஒதுக்கி மிஞ்சிய பணத்தைத் திரும்பப் பெறுவதே இச்சட்டத்தின் நோக்கம் என்று அதன் பெயர் சொல்கிறது. ஆனால், பிலிப்பைன்ஸ் படைக்கு இருபது கோடி டாலர் ஒதுக்கிய பகுதியோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கப்பட்டது: அப்படையினர் ஆற்றிய பணி, உரிமைகளும் நலன்களும் வழங்கும் அமெரிக்கச் சட்டங்களைப் பொறுத்தவரை, அமெரிக்கப் படைப்பணியாகக் கருதப்படாது. பணியில் ஏற்பட்ட ஊனம், மரணம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதிலும் அமெரிக்க வீரருக்கு ஒரு டாலர் தரப்படும் இடத்தில் இவர்களுக்கு ஒரு பிலிப்பைன் பிசோவே, அதாவது அன்றைய மதிப்பில் அரை டாலரே, தரப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வந்த இன்னொரு சட்டம், போருக்குப் பின் சேர்க்கப்பட்ட புதிய பிலிப்பைன் ஸ்கவுட் படையினரையும் இவ்வாறே விலக்கியது. அமெரிக்கத் தரைப்படையின் உறுப்பாகவே இருந்த பழைய ஸ்கவுட் படையினர் மட்டும் தப்பினர்.

இவர்கள் ‘வெட்டரன்’ அல்லர் என்று இந்த நிபந்தனை நேரடியாகச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் வரையறைப்படி, முனைப்பான படைப்பணி ஆற்றி, அவமதிப்புக்குரிய காரணம் இன்றி விடுவிக்கப்பட்டவரே வெட்டரன். அந்த வரையறையில் கைவைக்காமல், ‘படைப்பணி’ என்ற ஒரு பகுதியை மட்டும் இவர்களிடமிருந்து உருவிவிட்டார்கள். சொல் தானாக உதிர்ந்துவிட்டது. நடந்தது நடக்கவில்லை என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. ஆகவே, நடந்ததாக ‘கருதப்படாது’ என்று எழுதினார்கள். அந்த ஒரு வினைச்சொல்லின் கொடுமையை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. கையெழுத்திட்ட ட்ரூமனே, பிலிப்பைன்ஸ் வீரர்களுக்குச் செய்ய வேண்டிய அறக்கடமையிலிருந்து இச்சட்டம் அமெரிக்காவை விடுவிக்காது என்று அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

குடியுரிமையிலும் இதே கதைதான். அமெரிக்கப் படையில் பணியாற்றும் வெளிநாட்டார், அமெரிக்காவில் குடியிருக்காவிட்டாலும் குடியுரிமை பெற 1942ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவிட்டது. அது 1946 டிசம்பர் 31 வரையே செல்லும். மணிலாவில் விண்ணப்பங்களை ஏற்கும் அதிகாரியின் அதிகாரமோ, 1945 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பறிக்கப்பட்டது; விடுதலை பெறப்போகும் நாட்டிலிருந்து ஆட்கள் வெளியேறிவிடுவார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. உரிமை இருந்தது, அதைக் கேட்க இடம் இல்லை. வழக்குத் தொடுத்தவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1973இலும் 1988இலும் கைவிரித்துவிட்டது.

பிறகு நாடாளுமன்றத்தை நாடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இவர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. ஆனால் நலன்கள் எவற்றையும் சேர்த்துத் தரவில்லை. எழுபதை எட்டிய முதியவர்கள் பலர் அமெரிக்க நகரங்களின் நெரிசலான அறைகளில், ஏழைகளுக்கான உதவித்தொகையை நம்பி வாழ்ந்தார்கள். 1997இல் சிலர் வெள்ளை மாளிகையின் வேலியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். ஹவாய் மாநிலத்தின் டேனியல் இனோவே, டேனியல் அகாகா போன்ற செனட்டர்கள் மசோதாக்களை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்கள். இறுதியில் 2009 பிப்ரவரியில், பொருளாதார மீட்புச் சட்டத்தின் ஒரு பிரிவாக, ஒரே தடவை வழங்கும் இழப்பீடு வந்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000 டாலர். மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அன்று அது.

அதைப் பெறுவதற்கும் சான்று கேட்டார்கள். மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். காட்டுக்குள் போரிட்ட கெரில்லாக் குழுவிடம் ஒழுங்கான பதிவேடு எப்படி இருக்கும்? விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிராகரிக்கப்பட்டார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய துணைப்படை வீரரின் சான்று அவர் கையிலேயே வெண்கலமாக இருந்தது. இவர்களின் சான்று கடல் கடந்த ஒரு காப்பகத்தின் தாளில் இருந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘ஓய்வுபெற்ற படைவீரர்’ என்பது இங்கே பொருந்தாது. அது ஓய்வூதியத்தையும் நீண்ட பணியையும் நினைவூட்டும். ‘மூத்த வீரர்’ என்பதும் தவறு. பதினெட்டு வயதில் பத்தானில் போரிட்டவர் இருபத்திரண்டு வயதில் வெட்டரன். வேர்ச்சொல்லின் ‘பழைய’ என்ற பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது, 762ஆம் குறளில் வள்ளுவர் ஆளும் ‘தொல்படை’. தோல்வி நேரத்திலும் புண்ணுக்கு அஞ்சாமல் நிற்பது தொல்படைக்கே இயலும் என்கிறது அக்குறள். கொரெகிடோர் வரை நின்றவர்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது! எனினும், அது வழிவழி வந்த படையைக் குறிக்கும் சொல். பணி முடித்த தனி ஒருவரைக் குறிக்காது.

எனவே, தமிழ்நாட்டு அரசுத் துறையின் பெயரிலும் இடம்பெற்றுள்ள ‘முன்னாள் படைவீரர்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒருவர் படையில் இருந்தார், இப்போது இல்லை என்ற நிகழ்ச்சியை மட்டுமே அது சொல்கிறது. யாருடைய ஒப்புதலையும் அது கேட்பதில்லை. சட்டத் தகுதியைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘ஏற்பளிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்’ என்று அடைமொழி சேர்த்துக்கொள்ளலாம். 1946ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வீரர்களிடமிருந்து எடுத்தது அந்த அடைமொழியை மட்டுமே. 2016 டிசம்பரில் சட்டமாகி, 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வழங்கப்பட்ட தங்கப் பதக்கம் அதை ஓரளவு திருப்பித் தந்தது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் மறைந்திருந்தார்கள்.