ரீமேக்: சொல் விளக்கம்

ஒரு படத்தின் கதையை எடுத்துக்கொண்டு, வேறு நடிகர்களையும் வேறு குழுவையும் வைத்து முதல் காட்சியிலிருந்து திரும்பப் படமாக்கினால் அது ரீமேக். அதே மொழியில் பல ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் ரீமேக்தான், வேறு மொழிக்குக் கொண்டுபோனாலும் ரீமேக்தான். 1978இல் இந்தியில் வந்த ‘டான்’ 1980இல் தமிழில் ‘பில்லா’ ஆனது, 2007இல் இன்னொரு ‘பில்லா’வும் வந்தது. இரண்டு வகைக்கும் இந்த ஒரு வரிசையே போதுமான சான்று. வசனத்தை மட்டும் மாற்றிப் பேசினால் அது மொழிமாற்றுப் படம். பழைய பிரதியைத் தூசு தட்டித் திரையிட்டால் மறுவெளியீடு. பேச்சுவாக்கில் இவை எல்லாவற்றையும் ரீமேக் என்று சொல்லிவிடுகிறோம்.

மேக் என்றால் செய். ரீ என்பது லத்தீனிலிருந்து வந்த முன்னொட்டு. அதற்கு ‘மீண்டும்’ என்றும் பொருள் உண்டு, ‘பின்னோக்கி’ என்றும் பொருள் உண்டு. செய்ததைத் திரும்பச் செய்வது என்ற பொதுப்பொருளில் ஆங்கிலத்தில் நெடுங்காலமாக இருந்த சொல், சினிமா வந்த பிறகு இந்தத் தனிப்பொருளைப் பெற்றது.

தமிழில் இதற்கு மறுஆக்கம், மீளாக்கம், மீளுருவாக்கம், மறுதயாரிப்பு எனப் பல சொற்கள் புழங்குகின்றன. நான் மறுஆக்கத்தின் பக்கம். மீளுதல் என்றால் போன இடத்திலிருந்து திரும்பி வருதல். சிதைந்த படச்சுருளைச் சீர்செய்து பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலைக்கு மீளாக்கம் என்பது அழகாகப் பொருந்தும். ‘மறு’ அப்படியல்ல. மறுநாள் என்றால் நேற்றைய நாளே திரும்ப வந்தது என்று யாரும் நினைப்பதில்லை, அது அடுத்த நாள். மறுகரை, மறுபக்கம், மறுபிறவி எல்லாவற்றிலும் ‘இன்னொன்று’ என்ற பொருள் இருக்கிறது. ரீமேக்கும் இன்னொரு படமாக இருக்க வேண்டியதுதான். புணர்ச்சி விதிப்படி மறுவாக்கம் என்று எழுதினாலும் சரியே.

குற்றத் திரில்லர்களில் இந்த ‘இன்னொன்று’ பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. திரில் என்ற சொல்லின் மூலம் பழைய ஆங்கிலத்தில் துளைத்தல். மூக்குத்துவாரத்தைக் குறிக்கும் நாஸ்ட்ரில் என்ற சொல்லிலும் அதே துளைதான் இருக்கிறது. திரில்லர் நெஞ்சைத் துளைப்பது. அடுத்து என்ன ஆகும் என்று தெரியாததால்தான் அது துளைக்கிறது. தெரிந்த கதையை எடுத்துக்கொண்டு எப்படித் துளைப்பது?

இதற்கான பதிலை நம் இலக்கண நூல்களிலேயே காண்கிறேன். முதல்நூலைப் பின்பற்றி எழுதுவதை வழிநூல் என்பார்கள். அதற்கு நன்னூல் தரும் இலக்கணம்: ‘முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் / பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி / அழியா மரபினது வழிநூல் ஆகும்’. முன்னவர் கண்ட முடிபோடு ஒத்துப்போக வேண்டும், பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டும் இருந்தால்தான் வழிநூல். நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர், நூல்களைப் பற்றித்தான் சொன்னார், ஆனால் மறுஆக்கத்தை எடைபோட இதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குத் தெரியாது.

விகற்பமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ‘சைக்கோ’. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த படத்தை 1998இல் கஸ் வான் சான்ட் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்தார். கறுப்பு வெள்ளை வண்ணமானது, நாயகி திருடும் 40,000 டாலர் 4,00,000 டாலர் ஆனது, பெர்னார்ட் ஹெர்மனின் இசையைப் புதிதாக வாசித்துப் பதிந்தார்கள். படம் எடுபடவில்லை. 1960இல் நாயகி குத்திக் கொல்லப்படும் அந்தக் குளியலறைக் காட்சி அதிர வைத்ததற்குக் கத்தி மட்டும் காரணமல்ல. ஜேனட் லீ என்ற நட்சத்திரத்தின் பின்னால் போய்க்கொண்டிருந்த கதை, பாதி தாண்டும் முன்பே அவரைப் பறிகொடுத்துவிடுகிறது. இனி யாரைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் பார்வையாளர் தவிக்கிறார். படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று ஹிட்ச்காக் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டதும் இதற்காகத்தான். 1998இல் அந்த அறையில் என்ன நடக்கும் என்று உலகத்துக்கே தெரியும். சட்டகத்தை அப்படியே எடுக்கலாம், அறியாமையை எடுக்க முடியாது. இதற்கு மறுஆக்கம் என்ற பெயர்கூடப் பொருந்தாது. படியெடுப்பு என்பதே சரி.

நேர் எதிராக ‘கேப் ஃபியர்’. 1962 படத்தில் கிரிகரி பெக் நடித்த வழக்கறிஞர் ஒரு தாக்குதலைக் கண்ணால் பார்த்துச் சாட்சி சொன்னவர். அதனால் சிறைக்குப் போன மேக்ஸ் கேடி என்ற குற்றவாளி (ராபர்ட் மிட்சம்) விடுதலையாகி அவர் குடும்பத்தைத் துரத்துகிறான். நல்லவருக்கு ஆபத்து, அவ்வளவுதான். 1991இல் மார்ட்டின் ஸ்கார்செஸி முக்கியமாக ஓர் இடத்தில் கைவைத்தார். நிக் நோல்டி நடித்த வழக்கறிஞர் கேடிக்காகவே வாதாடியவர். தன் கட்சிக்காரனுக்கு உதவியிருக்கக்கூடிய ஓர் அறிக்கையை நீதிமன்றத்தில் காட்டாமல் மறைத்தவர். சிறையில் எழுத்தும் சட்டமும் படித்த கேடி அதைக் கண்டுபிடித்துவிடுகிறான். துரத்தல் அதேதான், ஆனால் துரத்துகிறவன் கையில் இப்போது ஒரு நியாயம் இருக்கிறது. என்ன நடக்கும் என்பதோடு, யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியும் சேர்ந்து துளைக்கிறது. பழைய படத்தின் பெக்கையும் ராபர்ட் மிட்சமையும் சிறு வேடங்களில் நடிக்கவைத்து, அதிலும் பெக்கைக் கேடியின் வழக்கறிஞராகவே ஆக்கினார்கள். மிட்சமின் சோம்பலான மிரட்டல் புதிய கேடியான ராபர்ட் டி நீரோவிடம் இல்லை, அந்த வகையில் பழையது ஒரு படி மேல். ஆனாலும் பின்னோன் வேண்டும் விகற்பம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான்.

முடிபை உடைத்தவர்களும் உண்டு. காணாமல்போன காதலியைத் தேடும் ஒருவனின் கதையை 1988இல் ‘ஸ்பூர்லோஸ்’ என்ற பெயரில் எடுத்தவர் ஜார்ஜ் ஸ்லைசர். 1993இல் அவரே அதை ஹாலிவுட்டுக்காகத் திரும்ப எடுத்து, முடிவைச் சுபமாக்கினார். முந்தைய படத்தின் மொத்த கனமும் அந்த முடிவில்தான் இருந்தது. மூலத்தை எடுத்தவரே என்றாலும் முடிபு ஒவ்வாவிட்டால் கதை நிற்காது.

ஹிட்ச்காக்கும் தன் படத்தையே இரண்டாம் முறை எடுத்தார். 1934இலும் 1956இலும் வந்த ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ இரண்டிலும் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கொலைமுயற்சி. இசைக்குழுவின் வெண்கலத் தாளங்கள் (சிம்பல்) மோதும் நொடியில் துப்பாக்கி வெடிக்க வேண்டும். 1956இல் அந்தக் காட்சி வசனமே இல்லாமல் ஏறத்தாழ 12 நிமிடம் ஓடுகிறது. எந்த இடத்தில் தாளம் மோதும் என்பதை இசைத்தட்டைப் போட்டு நமக்கு முன்பே காட்டிவிடுகிறார், தெரிந்துகொண்டு காத்திருப்பதே வேதனையாகிறது. வழிநூலின் வகைகளாகத் தொல்காப்பியம் சொல்லும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்பவற்றில் இது விரித்தல்.

மொழிபெயர்த்தல் வகைக்கு வேலை கொஞ்சம் எளிது. ‘திருஷ்யம்’ 2013இல் மலையாளத்தில் வந்து, அதே ஜீத்து ஜோசப் இயக்கத்தில் 2015இல் ‘பாபநாசம்’ ஆனபோது தமிழில் பலருக்குக் கதை புதிது. ஹாங்காங்கின் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ 2006இல் ‘தி டிபார்ட்டட்’ ஆகிச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியபோதும் அப்படித்தான். மூலத்தைப் பார்க்காதவருக்கு மறுஆக்கமே முதல்நூல். ஆகவே ஒரே மொழியில் எடுக்கப்பட்டதையும் இவற்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது.

அப்புறம், மூலத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மாற்றிவிட்டால் நன்னூல் அதைப் புடைநூல் என்கிறது, சினிமாவுக்குத் தழுவல் என்று சொல்லலாம். டேஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலை வார்னர் பிரதர்ஸ் ஏறத்தாழ பத்தாண்டில் மூன்று முறை படமாக்கியது. 1931இல் வந்தது முதல் படம். 1936இல் பெயர்களை மாற்றி, பருந்துச் சிலைக்குப் பதில் ஒரு கொம்பை வைத்து, பாதி நகைச்சுவையாக எடுத்தது தழுவல். 1941இல் ஜான் ஹூஸ்டன் நாவலின் வசனங்களை ஒட்டியே, ஹம்ஃப்ரி போகார்ட்டை வைத்து எடுத்தது மறுஆக்கம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலோர் நினைப்பது 1941 படத்தைத்தான், அதற்கு முன் இன்னொன்று வந்ததே பலருக்குத் தெரியாது.