பட்டையின் துவர்ப்பும் புது அலமாரியின் நெடியும்

களியக்காவிளை வழியாக ரப்பர் தடி ஏற்றிய லாரிகளைப் பார்த்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தடியெல்லாம் பலகையாகிறது, உரித்த பட்டை மட்டும் ஏன் அடுப்புக்குப் போகிறது? அரைத்துச் சேர்த்தால் என்ன?"

சேர்க்கலாம். மரச்சீவலைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு மேல், நடு, கீழ் என அடுக்குகளாக அமைவது; பட்டையை எந்த அடுக்கில், எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம்.

பார்ட்டிகிள் போர்டு செய்முறை தெரிந்ததுதான். மரத்தைச் சீவி, ஈரம் 2–3 சதவீதமாகும்வரை காயவைத்து, உலர் எடையில் 8–12 சதவீதம் யூரியா பார்மால்டிஹைடு பசை தெளித்து, 180–200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். பட்டையில் நீண்ட நார் குறைவு. வளைத்தால் சீக்கிரம் முறியும். ஒட்டியிருக்கும் மணல் கத்தியை மழுக்கும். அரைபட்ட பொடி பசையைக் குடித்துவிடும். ஈரம் மிஞ்சினால் நீராவி அடைபட்டு, அழுத்தியைத் திறந்ததும் பலகை நடுவே பிளக்கும். ரப்பருக்கு இன்னொரு தொல்லை: பால் ஓடும் குழாய்கள் பட்டையில்தான் இருக்கின்றன. உறைந்த பால் இழையிழையாகச் சல்லடையை அடைக்கும். மேலடுக்கில் சிக்கினால் கறையாகத் தெரியும். ஆகவே பட்டைக்கு நடு அடுக்குதான் இடம், அதுவும் 10 சதவீதத்துக்குள்.

இத்தனை பாடு எதற்கு? துவர்ப்புக்காக.

புது அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கிறதே, அது பார்மால்டிஹைடு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது. யூரியாப் பசையில் அதைக் கட்டிவைத்திருக்கும் பிணைப்பை நீர் அவிழ்த்துவிடும். அதனால் ஆனி, ஆடி மழையின் ஈரக்காற்றில் பலகை மெல்ல மெல்ல அதைக் கக்கும், வருடக்கணக்கில்.

பால் ஊற்றாத கடுந்தேநீர் நாக்கை இறுக்குவது டானின் என்ற துவர்ப்புப் பொருளால். எச்சிலில் உள்ள புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. ஆவாரம்பட்டை தோலைப் பதப்படுத்துவதும் இதே பிடியால்தான். மரப்பட்டையில் உள்ள டானின் பார்மால்டிஹைடையும் விடாது. டானினின் கார்பன் வளையங்களில் வினைக்குக் காத்திருக்கும் முனைகள் உண்டு. அலையும் பார்மால்டிஹைடு மூலக்கூறு ஒன்று வந்து சிக்கினால், அதன் ஒற்றைக் கார்பன் இரண்டு வளையங்களுக்கு நடுவே பாலமாகிவிடும். கார்பனோடு கார்பன் சேர்ந்த அந்தப் பாலத்தை எந்த ஆடிமழையும் கரைக்காது. நஞ்சாகத் திரிந்தது பசையின் ஓர் அங்கமாகி நிற்கிறது. எத்தனை அழகான வேதியியல்!

ஒரு எச்சரிக்கை: பட்டையின் அமிலத்தன்மை பசை இறுகும் வேகத்தை மாற்றும். பசையை இறுக்கச் சேர்க்கும் அம்மோனியம் குளோரைடின் அளவைப் பழைய கணக்கில் விடாமல், லோடுக்கு லோடு இறுகும் நேரம் பார்த்துத் திருத்த வேண்டும்.

கொடைக்கானல், மூணாறு மலைகளில் பரவிக் கிடக்கும் வாட்டில் மரத்தின் பட்டையில் டானின் ஏராளம். தென்னாப்பிரிக்காவில் 1970கள் முதலே அதைப் பலகைப் பசையாக்குகிறார்கள். நாம் களையென்று வெட்டித் தள்ளுகிறோம். வெட்டுகிற செலவில் ஒரு பங்கையாவது பட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவதே நியாயம். அதுவரை வெட்டுகிறவர்கள் வெட்டிய கையோடு உரித்துவிட வேண்டும். அப்போது பட்டை நாடா நாடாவாகக் கழன்று வரும், காயவிட்டால் தடியோடு இறுகிவிடும்.