டிஎம்எக்ஸ்: சொல்லும் பொருளும் தமிழ் வடிவமும்

மேடை ஒளியமைப்பாளர்களிடையே அன்றாடம் புழங்கும் ‘டிஎம்எக்ஸ்’ என்னும் சொல் ‘டிஜிட்டல் மல்டிபிளெக்ஸ்’ என்ற தொடரின் சுருக்கமாகும். கட்டுப்பாட்டு மேசையிலிருந்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள், தலை திரும்பிச் சுழலும் மூவிங் ஹெட் விளக்குகள், புகைக்கருவிகள் ஆகியவற்றுக்கு ஆணைகளைக் கொண்டு செல்லும் நெறிமுறையையே அது குறிக்கிறது. முழுப்பெயரான டிஎம்எக்ஸ்512-இல் உள்ள எண், ஒரு கம்பித்தடத்தில் அனுப்பக்கூடிய மதிப்புகளின் உச்ச எண்ணிக்கை.

அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக் கழகம் இதனை 1986-இல் வகுத்தது. அதற்கு முன்பு பெரும்பாலான அரங்குகளில் டிம்மர் ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுத்து, 0 முதல் 10 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தால் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தினர். எண்மிய முறைக்கு மாறிய நிறுவனங்களோ தத்தமக்கென ஒரு நெறிமுறையை வைத்திருந்ததால், ஒரு நிறுவனத்தின் மேசை மற்றொரு நிறுவனத்தின் டிம்மரோடு பேசாது. இந்தப் பிணக்கைத் தீர்க்கவே பொது நெறிமுறை பிறந்தது. 1990-இல் திருத்தப்பட்டு, 2004-இல் ஈ1.11 என்னும் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்டது.

‘மல்டிபிளெக்ஸ்’ என்பதன் பின்பாதி, மடித்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழிலும் ‘மடி’ என்னும் வினையோடு உறவுடையவை மும்மடி, பன்மடங்கு போன்ற சொற்கள். ஆயினும் ‘பன்மடி’ என்று பெயர்த்தால் படிப்பவர் பெருக்கத்தையே எண்ணுவார். இங்கு நிகழ்வதோ பலவற்றை ஒரே வழியில் சேர்த்து அனுப்புதல். ஆகவே ‘பல்சேர்ப்பு’ என்பதே பொருந்தும். ‘டிஜிட்டல்’ என்பதற்கு ‘எண்மிய’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. (அதன் இலத்தீன் மூலம் விரலைக் குறிப்பது, விரல்விட்டு எண்ணும் பழக்கம் நமக்கும் அயலன்று.) இவ்விரண்டும் சேர்ந்த ‘எண்மியப் பல்சேர்ப்பு’ என்பதைப் பொருள் விளக்கமாகக் கொள்ளலாம். கருவியின் மேல் எழுதுவதற்கு ‘டிஎம்எக்ஸ்’ என்ற பெயரே போதும்.

உண்மையில் தமிழாக்கத்தில் கவனம் தேவைப்படும் சொல் வேறொன்று. விளக்கில் அமைக்கும் எண்ணை ‘அட்ரஸ்’ என்கிறார்கள். அதனை ‘முகவரி’ என்று பெயர்ப்பது எளிது, ஆனால் நிகழ்வதைத் தவறாகக் காட்டிவிடும். மேசை அனுப்பும் தரவில் எந்த விளக்கின் முகவரியும் இருப்பதில்லை. முதலில் 88 மைக்ரோ நொடிக்குக் குறையாத ஓர் இடைவெளி வருகிறது; பிறகு சுழியம் என்னும் தொடக்கக் குறி; அதன்பின் 512 மதிப்புகள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை, வரிசை மாறாமல் வருகின்றன. நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில் ஒரு மதிப்புக்கு 44 மைக்ரோ நொடி ஆவதால், முழுத்தொகுப்பும் நொடிக்கு ஏறத்தாழ 44 முறை அனுப்பப்படும். கம்பியில் உள்ள எல்லா விளக்குகளும் எல்லா மதிப்புகளையும் கேட்கின்றன. 17 என்று அமைக்கப்பட்ட விளக்கு, இடைவெளிக்குப் பின் எண்ணிக்கொண்டே வந்து, பதினேழாவது மதிப்பிலிருந்து தனக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பந்தியில் தன் வரிசை வரும்வரை காத்திருப்பவரைப் போன்ற இந்த ஏற்பாட்டிற்குத் ‘தொடக்க எண்’ என்பதே நேர்மையான பெயர். ஒரே வகையைச் சேர்ந்த இரு விளக்குகளுக்கு ஒரே எண் கொடுத்தால் அவை இரட்டையர்போல் ஒன்றாக அசைவது ஏன் என்பதும், 16 மதிப்புகள் வேண்டும் விளக்கை 1-இல் வைத்தால் அடுத்ததை 17-இல் வைக்கவேண்டியது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

ஒரு விளக்குக்கு இத்தனை மதிப்புகள் தேவைப்படுவதற்கும் காரணம் உண்டு. 540 பாகை சுழலும் விளக்கை 256 நிலைகளில் மட்டும் நிறுத்த முடிந்தால், ஒவ்வொரு படியும் இரண்டு பாகைக்கு மேல் ஆகிறது. பத்து மீட்டர் தொலைவில் ஒளிவட்டம் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் தாவும். அதனால் சுழற்சிக்கு இரண்டு மதிப்புகளை இணைத்து 65,536 நிலைகளைப் பெறுகிறார்கள். முதலாவதைப் ‘பருநகர்வு’, இரண்டாவதை ‘நுண்நகர்வு’ எனலாம்.

512 மதிப்புகள் கொண்ட தொகுப்பை ‘யுனிவர்ஸ்’ என்பர். ‘அண்டம்’ என்று பெயர்ப்பது சற்று மிகை, ‘தொகுதி’ போதும்.

இந்நெறிமுறையில் வந்த மதிப்பு சரியா என்று சோதிக்கும் ஏற்பாடு இல்லை. பிழையான மதிப்பு வந்தால் அடுத்த சுற்றில் திருந்திவிடும் என்பதால் விளக்குக்கு அது பொறுக்கத்தக்கது. ஆனால் வெடிகளைக் கொளுத்துதல் போன்ற ஆபத்தான செயல்களுக்கு இதனைப் பயன்படுத்தக்கூடாது என்று தரமே விலக்குகிறது. கம்பியின் கடைசி விளக்கில் 120 ஓம் தடையைப் பொருத்துவதும் இதே காரணத்தை ஒட்டியதுதான்: ‘டெர்மினேட்டர்’ என்னும் இந்த ‘முடிவுத்தடை’ இல்லையெனில் குறிகை (சிக்னல்) எதிரொலித்துத் திரும்பி, பிழையான மதிப்புகளைப் பெருக்கிவிடும்.