மருந்தியல் வேறு, மருந்தாளுநர் கல்வி வேறு

செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் தினம். பன்னாட்டு மருந்தாளுநர் கூட்டமைப்பு 1912இல் தொடங்கப்பட்ட நாள் அது. சேலம் அஸ்தம்பட்டியில் அன்றைக்கு நான் பார்த்த மாணவர் ஊர்வலத்தின் முன்பக்க பேனரில் ‘உலக மருந்தியல் தினம்’ என்றிருந்தது. பின்னால் ஒரு பெண் பிடித்துவந்த அட்டையில் ‘உலக மருந்தக தினம்’. ஒரே கல்லூரிப் பிள்ளைகள்தான். தாங்கள் படிக்கும் ‘பார்மசி’ படிப்புக்கு அவர்கள் கையில் இரண்டு பெயர்கள் இருந்தன, இரண்டும் பிழை. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். பெயர்ப்பலகை, சேர்க்கை விளம்பரம், மறுநாள் செய்தி என்று எங்கே பார்த்தாலும் ‘மருந்தியல்’ என்றே இருந்தால் அவர்கள் வேறு எதை எழுதுவார்கள்?

‘பார்மசி’ என்பது ‘பார்மகான்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பார்மகானுக்கு மருந்து, நஞ்சு, வசியப்பொருள் என்று மூன்று பொருளும் உண்டு. நம் ‘மருந்து’ம் அப்படித்தான். எலி மருந்து, பூச்சி மருந்து என்கிறோம். ‘யாரோ மருந்து வெச்சுட்டாங்க’ என்று இடுமருந்து எடுக்கப் போகிறவர்கள் சேலம் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். ஆக, வேரில் சிக்கல் இல்லை. அதற்குப் பின்னால் எதை ஒட்டுவது என்பதில்தான் எல்லாத் தகராறும்.

‘இயல்’ ஒட்டினால் மருந்தியல். ‘லாஜி’ என்று முடிகிற துறைகளுக்கு ‘இயல்’ என்பது தமிழில் நிலைத்துவிட்ட மரபு. அந்தக் கணக்கில் மருந்தியல் என்றால் ‘பார்மகாலஜி’. ஒரு மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது என்று ஆராயும் துறை அது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கும் அது ஒரு பாடம். மருத்துவக் கல்லூரிகளில் தனித் துறையே உண்டு. அது தனித் துறையாக எழுந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் புக்ஹைம் அதற்கென்று ஆய்வுக்கூடம் வைத்தது 1847இல். மருந்து செய்து கொடுப்பவர் வேறு, வைத்தியர் வேறு என்று ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பல நூறு ஆண்டு மூத்த தொழிலை, பின்னால் பிறந்த துறையின் பெயரை வைத்துக் கூப்பிடுகிறோம்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இரண்டு ஆண்டு டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமா படிப்பில் 2020 விதிமுறைப்படி மொத்தம் பதினோரு பாடங்கள். மருந்தாக்கம், மருந்து வேதியியல், மூலிகை மருந்தறிதல், உடற்கூறும் உடலியங்கியலும், மருந்துச் சட்டமும் தொழில்நெறியும் என்று போகிற வரிசையில் மருந்தியல் ஒன்று, அதுவும் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது. ரசத்தில் மிளகு இருக்கிறது என்பதற்காக ரசத்தையே மிளகு என்போமா? ‘மருந்தியல் படிப்பில் மருந்தியல் தாளில் அரியர்’ என்று ஒரு மாணவர் சொன்னால் கேட்கிறவருக்கு என்ன புரியும்?

மூலிகை மருந்தறிதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆடாதோடை இலையை பிளேடால் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவவேண்டும். ஃபுளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சொட்டுவிட்டு நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தன்மை ஏறிய திசு இளஞ்சிவப்பாகத் தெரியும். சீவல் தடித்தால் ஒன்றும் தெரியாது, மறுபடி சீவவேண்டும். ஏற்காட்டுக்குப் போய்ச் செடி சேகரித்து, உலர்த்தி, அட்டையில் ஒட்டிவரும் பிள்ளைகள் இலையின் விளிம்பையும் நரம்பையும் பார்த்து அது அசலா, கலப்படமா என்று சொல்லக் கற்கிறார்கள். இந்தக் கைவேலை எதுவும் ‘மருந்தியல்’ என்ற பெயருக்குள் அடங்காது.

அடுத்தது ‘மருந்தகவியல்’. இதற்குக் கட்சி கட்டுகிறவர்கள் தமிழ் தெரிந்தவர்கள் என்பதால் பதில் சொல்லியாகவேண்டும். ‘நூலகவியலை ஏற்றுக்கொண்டீர்களே, மருந்தகவியல் மட்டும் ஏன் ஆகாது?’ என்று தமிழாசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நூலகவியல் நூலகம் நடத்துவதைப் பற்றிய படிப்பு, அங்கே ‘அகம்’ பொருந்துகிறது. மருந்தாளுநர் படிப்பு மருந்துக்கடை நடத்தும் படிப்பா? சேலத்தில் படித்துவிட்டு மருந்து ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! மாத்திரையின் கடினத்தையும் கரையும் நேரத்தையும் நாள் முழுக்கச் சோதிக்கிறவர் எந்த மருந்தகத்தில் உட்கார்ந்திருக்கிறார்? அரசின் மருந்து ஆய்வாளர்? வார்டில் மருத்துவருடன் சுற்றுக்குப் போகிறவர்? ஆங்கிலத்தில் கடைக்கும் கலைக்கும் ஒரே சொல் என்பது அந்த மொழியின் நெருக்கடி. தமிழில் ‘மருந்தகம்’ என்று கடைக்குத் தனிச்சொல் இருக்கும்போது அந்தக் குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்? இதில் இன்னொரு கேடும் உண்டு. பி.பார்ம் பட்டம் என்றாலே ‘மருந்துக்கடைக்கு லைசென்ஸை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிற படிப்பு’ என்று ஊரில் பேசுகிறார்கள். படிப்பின் பெயரிலேயே கடையை வைத்தால் அந்த இழிபேச்சுக்கு நாமே சான்றிதழ் கொடுத்ததாகிவிடும்.

‘மருந்தாக்கவியல்’ நல்ல சொல்தான், ஆனால் மருந்து செய்யும் பகுதிக்கு மட்டும். அங்கேயே இருக்கட்டும்.

சரி, எதுதான் பொருத்தம்? 1948ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவு நான்கு வினைகளைச் சொல்கிறது. மருத்துவர் சீட்டின்படி மருந்தைக் கூட்டுவது, தயாரிப்பது, கலப்பது, வழங்குவது ஆகியவற்றைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் செய்யக்கூடாது. மருத்துவர் தம் சொந்த நோயாளிக்குக் கொடுப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆக்கம் என்றால் முதல் மூன்றோடு நிற்கும். விற்பனை என்றால் நான்காவதில் பாதிகூட வராது. ‘ஆளுதல்’ நான்கையும் கொள்ளும். கையாளுகிறோம், சொல்லை ஆள்கிறோம். ஒன்றின் இயல்பு அறிந்து பொறுப்போடு பயன்படுத்துவதே ஆளுதல். ஓட்டுநர், இயக்குநர் போல ‘நர்’ சேர்த்து மருந்தாளுநர். அரசுப் பணியிடத்தின் பெயரும் அதுவே. (‘மருந்தாளுனர்’ என்று றன்னகரம் போட்டு எழுதுவதையும் நிறுத்தவேண்டும்.)

அந்த ‘ஆளுதல்’ என்னவென்று அரசு மருத்துவமனை மருந்து வழங்கும் ஜன்னலில் ஒரு காலைப்பொழுது நின்றால் தெரியும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டு வருகிறது. அது வாரத்துக்கு ஒரு முறை போடவேண்டிய மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் கிறுக்கலாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யவேண்டும். அப்புறம் அந்த அம்மாவிடம், ‘திங்கக்கெழம மட்டும்தான் போடணும், மறுபடி அடுத்த திங்கக்கெழம, சரிங்களா?’ என்று அவர் வாயால் திருப்பிச் சொல்லும்வரை சொல்லவேண்டும். அடுத்தவர் சர்க்கரைக்காரர். கிளிமிபிரைடு காலைச் சாப்பாட்டோடு அல்லது சற்று முன், மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது பின். வரிசையோ நீண்டுகொண்டே போகிறது. இதைப் பழகத்தான் டி.பார்ம் முடித்தபின் 500 மணி நேரப் பயிற்சி, அதில் குறைந்தது 250 மணி நேரம் சீட்டுப் பார்த்து மருந்து கொடுப்பதிலேயே போகவேண்டும் என்று விதி. திருக்குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வரும் ‘உழைச்செல்வான்’ என்பதற்குப் பரிமேலழகர், மருந்தைப் பிழையாமல் இயற்றுவான் என்று உரை சொல்கிறார். ‘பிழையாமல்’ என்ற அந்த ஒரு சொல்லில் மருந்தாளுநரின் பயிற்சி மொத்தமும் இருக்கிறது.

எனவே படிப்புக்கு ‘மருந்தாளுநர் கல்வி’, கல்லூரிக்கு ‘மருந்தாளுநர் கல்லூரி’. எடுத்துக்காட்டாக, 1932இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் தொடங்கிவைத்தது இந்தியாவில் மருந்தாளுநர் பல்கலைக்கழகக் கல்வி. இப்படி எழுதினால் புரியாதவர் யார்? ‘நர்’ ஆளைக் குறிக்கும், துறைக்கு ஆகாது என்பார்கள். ஆசிரியர் கல்வி, செவிலியர் கல்லூரி என்றெல்லாம் எழுதுகிறோமே, அவை மட்டும் எப்படி ஆயின?

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் வேறு. அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தத் துறையில் அதற்கு என்ன பொருள் என்று ஒருவரையும் கேட்பதில்லை. 2008இல் வந்த ஆறு ஆண்டு பார்ம்.டி படிப்பை ‘மருந்தியல் முனைவர்’ என்று எழுதுகிறார்கள். இருப்பது இரண்டே சொல், இரண்டிலும் தவறு. அது மருந்தியல் இல்லை. முனைவர் என்பது பிஎச்.டி. ஆய்வுப்பட்டத்துக்கு நிலைத்துவிட்ட சொல். பார்ம்.டி.யோ பிளஸ் டூ முடித்த கையோடு சேரும் தொழிற்படிப்பு. ஐந்து ஆண்டு பாடமும் வார்டு வேலையும், ஆறாவது ஆண்டு மருத்துவமனையில் உள்ளுறைப் பயிற்சி. ‘முனைவர்’ என்ற சொல்லைப் பார்த்து, ‘முதல்ல பட்டம் வாங்கிட்டு அப்புறம்தானே இதுல சேரணும்?’ என்று கேட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். நல்ல சொல் அமையும்வரை ‘பார்ம்.டி, ஆறாண்டு மருந்தாளுநர் பட்டம்’ என்று எழுதலாம். விளம்பரத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.