வெளிநாட்டில் முதல் பத்து நாள்: மனசா, தூக்கமா?

படிக்க வெளிநாடு போன பிள்ளைகள் மனநல மருத்துவரான என்னை அழைத்துப் பேசும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மத்தவங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்க டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படி?" போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் படிப்பும் ஊரும் தப்பு, தானும் தப்பு என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு. காலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954-இல் ஆற்றிய ஓர் உரையில், புது நாட்டில் வாழப் போகிறவர்களின் மனநிலையைக் கட்டம் கட்டமாக விவரித்தார். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும் தேனிலவுக் காலம், புதுப் பண்பாடு தரும் அதிர்ச்சி அப்புறம்தான் வரும் என்றார். இன்றும் பயணத்துக்கு முந்தைய அறிமுகக் கூட்டங்களில் இதைத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கியதிலிருந்தே தொடர்ந்து கவனித்த உளவியலாளர் கோலீன் வார்டும் சகாக்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. வந்து இறங்கிய நேரத்தில்தான் சிரமம் அதிகம், பிறகு படிப்படியாகக் குறைந்தது. நான் பார்ப்பதும் இதுதான். தேனிலவை எதிர்பார்த்துப் போகிற பிள்ளை, பலருக்கும் வருகிற சிரமத்தைத் தன் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறது.

வந்து இறங்கிய அந்த நாட்களில் தூக்கமும் கெட்டுக் கிடக்கும். அதனால் நான் முதலில் மனசைப் பற்றி விசாரிப்பதில்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், எப்போது வெளிச்சத்தில் இருக்கிறாய், வீட்டோடு எந்நேரம் பேசுகிறாய் என்றுதான் கேட்பேன். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும், உடலுக்குள் இருக்கும் கடிகாரம் புது ஊர் நேரத்தை நோக்கிச் சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் நகரும். ஆறு மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரம் ஆகும். கிழக்கே போகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். நம் உடலின் ஒரு 'நாள்' சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஆகவே உடலுக்குத் தாமதமாகத் தூங்குவது சுலபம், முன்கூட்டித் தூங்குவதுதான் பெரும்பாடு. கிழக்கே போனவர் செய்ய வேண்டியது அதைத்தான்.

கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். அதையும் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும். அதற்குப் பின் படும் வெளிச்சம் நம்மைச் சீக்கிரம் தூங்க வைக்கும். அதற்கு முன் பட்டால் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். ஊரில் ஏழு மணிக்கு எழுகிற ஒருவர் கிழக்கே ஆறு மணி நேரம் தாண்டிப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடலின் அதிகாலை நாலரை, அங்கே காலை பத்தரை. "விடியற்காலையில் எழுந்து நட" என்ற அறிவுரை அவருக்கு அந்த வாரம் கெடுதல்தான். முதல் ஓரிரு நாள் பத்தரைக்கு மேல் வெளியே போகட்டும், பிறகு தினம் ஒரு மணி நேரமாக முன்னே கொண்டு வரலாம். மேற்கே போனவருக்கு மாலை வெளிச்சம் உதவும். நான் பேசுகிற பிள்ளைகள் பலர் பகலெல்லாம் ஜன்னல் திரையை மூடிக்கொண்டு அறையிலேயே இருக்கிறார்கள். அப்புறம் கடிகாரம் எப்படி நகரும்?

இதில் பெற்றோர் பங்கும் உண்டு. தங்களுக்கு வசதியான நேரத்தில் தினமும் வீடியோ கால் போடுவார்கள். அங்கே அது நள்ளிரவாக இருக்கும். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளை இரண்டு ஊர் நேரத்தில் வாழ வேண்டியிருக்கிறது. அங்கே மாலையாக இருக்கும்போது பேசுங்கள். தூங்கப் போகும் முன்னால் அழுகையோடு முடிகிற பேச்சு வேண்டாம்.

"திரும்பி வந்துடட்டுமா?" என்ற கேள்வியும் வரும். இது இன்றைக்கு நேற்று வந்த கேள்வி இல்லை. 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே வகைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். அதில் அவர் விவரித்த ஒரு நோயாளி, சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரிலிருந்து பாசல் நகருக்குப் படிக்கப் போன இளைஞர். இன்று ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான்! பிழைக்க மாட்டார் என்று நினைத்து ஊருக்கு அனுப்பினார்கள். வீடு போய்ச் சேரும் முன்பே வழியில் தேறிவிட்டார். திரும்ப வழி இருக்கிறது என்று தெரிவதே பாதி பாரத்தை இறக்கிவிடும் என்று நான் இதைப் படிக்கிறேன். "கடன் வாங்கி அனுப்பியிருக்கோம்" என்று கதவை அடைக்காமல், "முதல் பருவம் முடியட்டும், அப்புறம் சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்ன வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறார்கள்.

மருந்து விஷயம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் புது வாழ்க்கை தொடங்குகிறது என்று பயணத்தை ஒட்டி அதை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். திடீரென நிறுத்தினால் சில நாட்களில் தலைச்சுற்றல், எரிச்சல், மின்னதிர்ச்சி போன்ற உணர்வு எல்லாம் வரலாம், அதுவும் சரியாக ஜெட் லாக்கோடு (நேர வித்தியாசத்தால் வரும் தூக்கக் குழப்பத்தோடு) சேர்ந்து. இருமுனைக் கோளாறு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும், ஆகவே கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் (generic name) எழுதி வாங்குங்கள். கவனக்குறைபாட்டுக்கான சில மருந்துகளும் கோடீன் கலந்த சில வலி, இருமல் மருந்துகளும் சில நாடுகளில் தடை அல்லது கட்டுப்பாட்டில் உள்ளவை. அந்த நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து நாளில் தூக்கம் ஓரளவு சரியாகியும், நாள் முழுக்கச் சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், வகுப்புக்கே போகாமல் இருந்தால், அதை ஏக்கம் என்று தள்ளிப்போடக் கூடாது. சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அவசர எண்ணை அழைக்கலாம், பக்கத்து அறைக் கதவையும் தட்டலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, அவர்களிடம் சொல்வது பொதுவாகப் பெற்றோருக்கோ பேராசிரியருக்கோ போகாது, மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது.